பாட்டைக் கேளாத தீர்ப்புகள்

2012ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், காஷ்மீரத்து ஸ்ரீநகரில் நடைபெற்ற ஓர் இசைக்குழுப் போட்டியின் மேடையில் மூன்று மாணவிகள் ஏறினர். ஒருத்தி கிற்றாரை இசைத்துக்கொண்டே பாடினாள். இன்னொருத்தி பேஸ் கிற்றார் வாசித்தாள். மூன்றாமவள் ட்ரம்ஸ் வாத்தியத்தின் முன் அமர்ந்தாள். மூவரும் பத்தாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்த சிறுமியர். தம் குழுவுக்குப் ‘பிரகாஷ்’ எனப் பெயரிட்டிருந்தனர். ஒளி என்பது அதன் பொருள். போட்டியிற் பரிசும் பெற்றனர். 2013 பெப்ரவரி முதல் வாரத்தில் அக்குழு இல்லாமற் போயிற்று. ஒரு மேடை, ஒரு பரிசு, ஏறத்தாழ இரண்டு மாத காலம். ஒரு கலைக்குழுவின் முழு வரலாறும் இவ்வளவே.

இடையில் நடந்ததை அக்காலத்துச் செய்தித்தாள்களைப் படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பரிசுச் செய்தி பரவியதும், முகம் காட்டாத மனிதர் பலர் கணினித் திரைகளின் மறைவில் நின்று அச்சிறுமியரை வாயிலெடுக்கவொண்ணாத சொற்களால் வைதனர். பின்னர் காஷ்மீரின் தலைமை முப்தி பஷீருத்தீன் அகமது, பெண்கள் இவ்வாறு மேடையேறிப் பாடுதல் மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று தீர்ப்புரைத்தார். அன்று முதலமைச்சராயிருந்த உமர் அப்துல்லா சிறுமியருக்குச் சார்பாகக் குரல்கொடுத்தார். மிரட்டியோரைத் தேடிப் பொலிசார் வழக்குப் பதிந்து, சிலரைக் கைதும் செய்தனர். ஆயினும் மூவரும் பாட்டைக் கைவிட்டனர். மார்க்க அறிஞரின் கருத்துக்கு மதிப்பளித்து விலகுகிறோம் என்ற கருத்துப்பட அவர்கள் சொன்னதாகச் செய்திகள் வந்தன. அச்சொற்களுக்குப் பின்னால் எத்துணை அச்சம் இருந்தது என்பதை அளந்தறிய ஒரு கருவியும் இல்லை.

அந்நாளில் நாம் பேராதனையிலே தமிழ் படித்துக்கொண்டிருந்தோம். கைலாசபதியின் நூல்களையும் சிவத்தம்பியின் நூல்களையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, கலைக்கும் சமுதாயத்துக்குமுள்ள உறவுபற்றி இரவிரவாக வாதிட்ட பருவம் அது. விடுதியில் அச்செய்தி வாசிக்கப்பட்டதும் நண்பர்கள் இரு கட்சியாயினர். உரிமை என்றது ஒரு கட்சி. பண்பாடு என்றது மறுகட்சி. ஏகாதிபத்தியத்தின் இசைக்கு இத்தனை பரிவு எதற்கு என்று வினவிய மூன்றாங் கட்சியும் ஒன்றிருந்தது. அதிலேதான் நாமும் இருந்தோம் என்பதை இப்போது ஒளித்துப் பயனில்லை. விவாதம் விடியும்வரை நடந்தது. விடிந்தபின்பு, அன்றிரவு அறையிலிருந்த எவரும் கேளாத ஒரு வினா நமக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. அது தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் சென்றன. அச்சிறுமியர் என்ன பாடினர்? எப்படிப் பாடினர்?

நாம் வாசித்த செய்திகளுள் முப்தியின் கூற்று இருந்தது. முதலமைச்சரின் கூற்று இருந்தது. பெண்ணுரிமை இயக்கத்தாரின் கூற்றும் இருந்தது. பாடியவளின் குரல் எத்தகையது, முரசுக்காரி தாளத்தைக் காத்தாளா, தேர்ந்தெடுத்த பாடலில் ஏதேனும் புதுமை இருந்ததா என்பனபற்றி ஒரு வரியும் நம் கண்ணிற் படவில்லை. எதிர்த்தோர் கேளாமலே தண்டித்தனர். ஆதரித்தோர் கேளாமலே பாராட்டினர். உண்ண மறுத்தவனும் ஊட்ட வந்தவனும் சோற்றின் சுவையைப்பற்றிப் பேசாத பந்தி அது. கலைஞராக வந்தவர்கள் ஒரு வழக்கின் சான்றுப்பொருளாயினர். துப்பாக்கிகளின் நிழலிலே நெடுங்காலம் கிடந்த அந்தப் பள்ளத்தாக்கிலே, அரசு தன் தாராள மனத்தைக் காட்டவும் அவர்கள் உதவினர். அரசை வெறுத்தோர் தம் வைராக்கியத்தைக் காட்டவும் உதவினர். அவர்களுக்கு உதவியது எது?

இங்கே சிலர், இது முஸ்லிம்களின் குறை என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொள்ள விரும்புவர். மாத்தளை மாவட்டத்தில், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே பஸ்ஸில் நெருக்கியடித்துச் செல்லும் ஊரில், இத்தகைய பேச்சு எவ்வளவு எளிதாகப் பிறக்கும், எத்தனை தீங்கு செய்யும் என்பதை நாம் அறிவோம். உண்மை வரலாறோ வேறு. காஷ்மீர மொழியின் பெருங்கவிஞர்களுள் ஒருத்தியாகப் போற்றப்படும் ஹப்பா காத்தூன் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவள். அவள் பெயரால் வழங்கும் காதற்பாடல்கள் இன்றும் அங்கே பாடப்படுகின்றன. 1927இல் பிறந்த ராஜ் பேகம், திருமண வீடுகளிற் பாடத் தொடங்கி, 1954இல் ஸ்ரீநகர் வானொலியிற் சேர்ந்து, பல்லாண்டுகள் அந்நாட்டின் குரலாகவே விளங்கினார். 2002இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2016இல் மறைந்தார். அச்சிறுமியர் மேடையேறியபோதும் மேடையிலிருந்து இறக்கப்பட்டபோதும் அவர் உயிரோடிருந்தார். ஆகவே முஸ்லிம் பெண் பாடுவது காஷ்மீருக்குப் புதிதன்று. வானொலியிலே முகம் தெரியாமற் பாடியவளை வீடுகள் ஏற்றுக்கொள்ளச் சில காலம் பிடித்தது. முகம் தெரிய, வாத்தியத்தைத் தாமே தூக்கி, ஆண் துணையின்றி, குழுவாக நின்ற மூவரை ஏற்க இரண்டு மாத காலம் போதவில்லை.

நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். திருவையாற்றில் தியாகராசரின் சமாதிக்குக் கோயிலெழுப்பத் தம் செல்வத்தையெல்லாம் கொட்டியவர், தேவதாசிக் குலத்திற் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆயினும் அங்கு நடந்த ஆராதனையிற் பெண்கள் பாடுவதற்கு இடமில்லை. 1920களின் பிற்பகுதியில் அவர் பெண்களைத் திரட்டித் தனியே ஓர் ஆராதனையை நடத்தினார். கட்சிகள் ஒன்றாகிப் பெண்களும் பாட இடம் பிறந்தது 1940களின் தொடக்கத்திலேதான். கோயில் கட்டியவளுக்குக் கோயிலிற் பாட அநுமதி கிடைக்க இத்தனை ஆண்டுகள்! இதற்கு எந்த முப்தியும் காரணரல்லர்.

பெண்கள் சேர்ந்து பாடுதலைத் தமிழுலகம் முற்றாக விலக்கியதென்று நாம் கூறவில்லை. எங்களூர்க் கோயில்களின் ஒலிபெருக்கியில் விடியற்காலையில் எழும் கந்தர்சஷ்டி கவசம் சூலமங்கலம் சகோதரிகளின் குரலேயாகும். பம்பாய் சகோதரிகளின் பாட்டையும் பலர் கேட்டிருப்பர். இவர்களுக்கு நீண்ட கலைவாழ்வும் பெருமதிப்பும் கிட்டின. எனினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ‘சகோதரிகள்’ என்னும் சொல்லே அவர்களுக்கு வாயிற்சீட்டாக அமைந்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றதும் சமுதாயத்தின் சந்தேகம் பாதி அடங்கிவிடுகிறது. பக்திப் பாடல் என்றதும் மறுபாதி அடங்கிவிடுகிறது. இலங்கையிற்கூட, 1960களிலும் 70களிலும் சிங்களத்திற் புகழ்பெற்ற பெண்கள் குழு, இந்திராணி, இரங்கனி, மல்லிகா ஆகிய பெரேரா சகோதரிகளின் ‘மூன்று சகோதரிகள்’ குழுவாகவே இருந்தது. இரத்த உறவின்றி, தோழமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு, தம் பாட்டைத் தாமே தெரிந்தெடுத்து நிற்கும் பெண்களுக்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்?

அதே காலத்தில் நம் நாட்டுத் தமிழில் துள்ளிசை என்றும் பொப்பிசை என்றும் ஓர் அலை எழுந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பாடல்கள் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தன. கடல் கடந்தும் சென்றன. பண்டிதர்கள் முகஞ்சுளித்தாலும், இலங்கைத் தமிழரின் பேச்சுமொழிக்கு மெல்லிசையில் ஓரிடம் தேடித்தந்த முயற்சி அது என்பதை இலக்கிய மாணவர் ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஆயின் அவ்வலையிற் பெயர்பெற்றோர் பெரும்பாலும் ஆண்களே. நித்தி கனகரத்தினத்தின் புகழ்பெற்ற ‘சின்ன மாமியே’ பாட்டில், அவளுடைய இளைய மகள் எங்கே என்று மாமியிடம் வினவுகிறான் ஒருவன். சபை தாளம்போட்டுச் சிரிக்கிறது. நாமும் சிரித்திருக்கிறோம். நல்ல பாட்டுத்தான். அந்த மகள் வந்து தன் கதையைத் தானே பாடிய துள்ளிசைப் பாட்டு எதையும் நாம் கேட்டதில்லை.

பெண் குழு என்றொன்று உண்டாவதற்குச் சந்தை வழிதிறந்துவிட்டது, இனித் தடையில்லை என்று சொல்வோரும் உளர். அவர்களுக்கு ‘விவா’வின் கதையை நினைவூட்டுவோம். 1999இல் நியூசிலாந்துத் தொலைக்காட்சியில் ‘பொப்ஸ்டார்ஸ்’ என்னும் நிகழ்ச்சி தொடங்கியது. பெண்களைத் தேர்வுசெய்து, குழுவாக்கி, அத்தேர்வையே நிகழ்ச்சியாகக் காட்டி விற்பது அதன் முறை. அவ்வாறு பிறந்த ‘ட்ரூபிளிஸ்’ குழுவின் முதற்பாட்டு அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. குழுவோ விரைவிலே மறைந்தது. அம்முறையை நாடுகள் பல விலைகொடுத்து வாங்கின. இங்கிலாந்தில் 2001இல் தோன்றிய ‘ஹியர்சே’ 2002இலேயே கலைந்தது. இந்தியாவில் 2002இல் ‘சனல் வீ’ தொலைக்காட்சி, ஒரு குளிர்பானத்தின் பெயரையும் தலையில் சூடிக்கொண்டு, நகரந்தோறும் தேர்வு நடத்தி ஐந்து இளம்பெண்களைப் பொறுக்கியெடுத்தது. அவர்களே ‘விவா’. அவர்களின் ‘ஹம் நயே கீத் சுனாயே’ என்ற பாட்டு நாடெங்கும் ஒலித்தது. ஒருத்தி விலகினாள், நால்வராயினர், இரண்டாவது இசைத்தொகுப்பு முதலாவதைப்போல எடுபடவில்லை, சில ஆண்டுகளில் குழுவே இல்லை. அதற்குள் அதே தொலைக்காட்சி அதே முறையில் ‘ஆஸ்மா’ என்ற அடுத்த குழுவையும் சமைத்துவிட்டது. வண்டி அதேதான், மாடுகள் மட்டும் மாறின.

விவாவின் பாடல்களைப் பின்னாளில் நாம் தேடிக் கேட்டோம். குறைசொல்ல வேண்டுமென்று கேட்கவில்லை. துள்ளலும் துப்புரவுமான பாடல்களே. ஆயின் ஐந்து குரல்களையும் ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, யார் யாரென்று தெரியாதபடி மெருகூட்டிவிட்டார்கள். எந்த வரியை யார் பாடினாலும் கேடில்லை என்பதுபோலவே அவை அமைந்துள்ளன. ஒருத்தி விலகியபோது பாட்டுக்கு ஊறு நேராததன் காரணமும் அதுவே. ஆளை மாற்றினாலும் ஓடும்படி இயந்திரத்தை அமைப்பது முதலாளித்துவத்தின் பழைய கெட்டித்தனம். தொழிற்சாலையிற் கண்டதை இசையிலும் காண்கிறோம். குழு கலைந்தபின் 2007இல் வெளிவந்த ‘சத்தம் போடாதே’ என்னும் தமிழ்ப்படத்தில், யுவன் சங்கர் ராஜாவின் இசையில், ‘பேசுகிறேன் பேசுகிறேன்’ என்ற பாடலை ஒரு பெண் பாடினாள். மூச்சின் ஓசையும் கலந்து, உரத்துப் பேசாமல், அருகில் அமர்ந்து ஆறுதல் சொல்லும் தனித்த குரல். மாத்தளைப் பஸ்களில் அப்பாட்டை எத்தனையோ முறை கேட்ட நாம், அது விவாவின் ஐவருள் ஒருத்தியான நேகா பாசினின் குரலென்பதை வெகுநாள் அறியவில்லை. மொழி தெரியாத ஒருத்தி தனியே பாடியபோது கேட்ட ஆள், தன் மொழியிற் குழுவாகப் பாடியபோது கேட்கவில்லை! தேர்ந்தெடுத்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்திருப்பார்கள், குரலின் வீச்சையும் அளந்திருப்பார்கள்; அவளிடத்தில் மட்டும் உள்ளது எது என்று கேட்டதாகத் தெரியவில்லை.

இப்போது இரண்டையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து ஒன்று புலனாகிறது. விவாவைச் செய்தவர்களே கலையவிட்டார்கள்; பிரகாஷைச் செய்தவர்கள் அம்மூன்று சிறுமியர்; கலைத்தவர்கள் பிறர். தாமே உண்டாக்கிக்கொண்டவர்களுக்கு இரண்டு மாதமும், பிறரால் உண்டாக்கப்பட்டவர்களுக்குச் சில ஆண்டுகளும் ஆயுள் கிடைத்தன. இவ்விரண்டு தீர்ப்புகளையும் ஒரே தராசில் வைக்க நாம் முற்படவில்லை. அச்சுறுத்தப்படுவதும் கைவிடப்படுவதும் ஒன்றல்ல. எனினும் பாட்டைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டிய கட்டாயம் இரு தீர்ப்பாளர்க்கும் இருக்கவில்லை. அந்தக் கட்டாயம் உடையவன் விமரிசகன் ஒருவனே. அவனோ இரு இடத்திலும் வாய்திறக்கவில்லை.

இவ்வாறு எழுதும் தகுதி நமக்கு உண்டா என்ற வினாவை வாசகர் கேட்குமுன் நாமே கேட்டுக்கொள்கிறோம்.

மலையகத்தில் பெண்கள் பாடாத காலமில்லை. மலையிலே கொழுந்து பறிக்கும்போதும், பிள்ளையை உறக்கும்போதும், இழவு வீட்டிலும் அவர்கள் பாடினர். கங்காணியை எள்ளியும் துரையைத் தூற்றியும் அவர்கள் கட்டிய பாட்டுக்களை சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தேடித் தொகுத்திராவிடின் அவை மண்ணோடு மண்ணாகியிருக்கும். பாட்டு எஞ்சியது, கட்டியவளின் பெயர் எஞ்சவில்லை. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் தாமே பாட்டியற்றிப் பாடியவர். அவரைப்பற்றி நம் மாணவருக்கு நாம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்? மலரன்பனையும் மாத்தளை வடிவேலனையும் பண்ணாமத்துக் கவிராயரையும் தந்த மாவட்டம் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமைப் பட்டியலில் ஒரு பாட்டுக்காரியும் இல்லாதது நம் கண்ணை உறுத்தவில்லை.

2018 ஒக்ரோபர் மாதம். ஆயிரம் ரூபா நாட்சம்பளங் கேட்டுத் தோட்டங்களில் தொழிலாளர் கொந்தளித்திருந்த நேரம். மாவட்டத்திலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையிலே அப்போது கற்பித்துக்கொண்டிருந்தோம். ஆசிரியர் தின நிகழ்ச்சிக்குப் பொறுப்பாயிருந்த நம்மிடம் பத்தாம் தரத்து மாணவிகள் மூவர் வந்தனர். “சேர், நாங்களே ஒரு பாட்டுக் கட்டியிருக்கோம். நாங்களே பாடி, நாங்களே அடிக்கிறோம்” என்றனர். எதை அடிப்பது என்று கேட்டோம். தப்பு என்றாள் ஒருத்தி. அவள் தகப்பனார் தோட்டத்தில் தப்படிப்பவர். முற்காலத்தில் விடிவதற்குமுன் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்த அதே வாத்தியம். கொப்பித் தாளொன்றை நீட்டினர். நிறுவையின்போது கொழுந்தின் கிலோக் கணக்கில் வெட்டுவதைப்பற்றிய பாட்டு.

தாளை வாங்கி மேலோட்டமாகப் பார்த்தோம். தோட்ட நிருவாகத்தினர் விருந்தினராக வருவார்கள் என்பது ஞாபகத்துக்கு வந்தது. பெண்பிள்ளை தப்படித்தால் ஊர் என்ன சொல்லும் என்று மூத்த ஆசிரியர் ஒருவர் அருகிலிருந்து முணுமுணுத்தார். அவர் சொல்லாமல் விட்ட சாதிப்பேச்சும் நமக்குக் கேட்டது. நாமோ அவரைக் கண்டிக்கவில்லை. பேராதனையிலே மூன்றாங் கட்சியிலிருந்தவரல்லவா! “பாட்டு நல்லாயிருக்கு, அடுத்த முறை பார்ப்போம், இம்முறை கும்மி ஒன்று ஆடுங்கள், பாட்டை நாம் ஒலிபெருக்கியில் போட்டுத் தருகிறோம்” என்று இதமாகச் சொன்னோம். மூவரும் ஆடினர். சினிமாப் பாட்டுத்தான். சபை கைதட்டியது, விருந்தினரும் மகிழ்ந்தனர். அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. நமக்கு இடமாற்றம் கிடைத்தது. பிறகு நோய்த்தொற்றுக் காலத்திற் பாடசாலைகள் பூட்டப்பட்டன.

மூவருள் ஒருத்தி உயர்தரம் முடித்து முன்பள்ளியொன்றிற் கற்பிப்பதாகக் கேள்விப்பட்டோம். ஒருத்தி கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள். தப்படிக்க விரும்பியவளைப்பற்றி ஒன்றும் தெரியவில்லை. அவர்களை மிரட்டியவர் எவருமில்லை. தீர்ப்புரைத்த பெரியார் எவருமில்லை. வழக்கும் இல்லை, செய்தியும் இல்லை. ஸ்ரீநகரில் இரண்டு மாதம் வாழ்ந்த குழுவுக்கு ஒரு மேடையாவது கிடைத்தது. இங்கே குழு பிறந்ததும் இறந்ததும் ஓர் இடைவேளைப் பொழுதுக்குள், நம் மேசையருகிலே நிகழ்ந்தது. “பாட்டு நல்லாயிருக்கு” என்று சொன்னோமே, அதுதான் இன்றைக்கும் சுடுகிறது. கேளாத பாட்டை நன்றென்றோம்.

அந்தக் கொப்பித் தாள் ஒரு பழைய நூலின் இடையில் இன்னமும் நம்மிடம் இருக்கிறது. சென்ற மாதம் எடுத்து, ஆசிரியனாகவல்லாமல் விமரிசகனாகப் படிக்க முயன்றோம். முதலிரண்டு வரிகளில் எதுகை வலிந்து வந்திருக்கிறது. மூன்றாம் வரியிலிருந்து நடை தானாக ஓடுகிறது. தராசுக்காரனின் பேச்சை அவன் குரலிலேயே திருப்பிச் சொல்லும் இடம் சிறப்பானது. சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. கடைசிப் பகுதி சற்று நீளம். இதற்குமேல் ஒன்றும் சொல்ல இயலவில்லை. மெட்டு நமக்குத் தெரியாது. தாளின் ஓரத்தில் மூன்று இடங்களில் ‘இங்கே தப்பு’ என்று பென்சிலால் எழுதியிருக்கிறார்கள். எந்த அடி, எத்தனை அடி என்று எழுதவில்லை. அடித்துக் காட்டலாம் என்று நினைத்திருப்பார்கள்.